நான்கு சக்கரத்துக்கும் காற்று

அத்தியாயம் 11

"இதோட டியூப் எவ்வளவு நீளம் இருக்கும்மா?" என்று கேட்டாள் பவுலினா.

கடைப் பெண் தர்ஷினி அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. காற்றடிக்கும் மெஷின் வாங்க வருகிறவர்கள், காருக்கு ஆகுமா, சீக்கிரம் அடிக்குமா, வாரண்டி உண்டா என்றுதான் கேட்பார்கள். குழாயின் நீளத்தை யாரும் கேட்டதில்லை.

"இவ்ளோதான்க்கா இருக்கும்" என்று கையில் இருந்த சின்ன மெஷினைத் திருப்பிக் காட்டினாள். கறுப்புக் குழாய் ஒரு விரல் நீளம்கூட இல்லை.

"அப்ப இது வேணாம்."

"அம்மா, இதுதாம்மா எல்லாரும் வாங்குறது" என்றான் மகன் எட்சன். "எங்க கம்பெனி பசங்க நாலு பேர் வெச்சிருக்கானுங்க. பாக்கெட்ல போட்டுக்கலாம்."

"அவங்க இறங்கிக் குனிஞ்சு அடிப்பாங்கடா. நான் எப்படிக் குனிவேன்?"

தர்ஷினி அந்த மெஷினைக் கீழே வைத்தாள்.

பாகலூர் ரோட்டில் இருந்த அந்த உதிரிபாகக் கடையின் வாசலில், பவுலினா தன் ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தாள். பின்சக்கரத்துக்கு இருபுறமும் சின்னச் சக்கரங்கள் பொருத்திய வண்டி. இரண்டு வயதில் வந்த போலியோ அவளுடைய இடது காலை மெலிய வைத்துவிட்டுப் போயிருந்தது. இப்போது நாற்பத்தாறு வயது; காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பர் மாட்டி, கட்டை ஊன்றி நடப்பாள். நடப்பதுதான் கஷ்டம். வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் மத்திகிரியிலிருந்து சிப்காட் கம்பெனிக்கு மற்றவர்களைப் போலவே போய் வருவாள்.

அந்த நாலு சக்கரத்துக்கும் ஞாயிறுதோறும் காற்று அடித்துக் கொடுத்தது அவள் கணவன் இன்னாசிமுத்து. பூசை முடிந்ததும் வண்டியை பெட்ரோல் பங்க்குக்கு எடுத்துப் போய், காற்றோடு திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவான். பதினைந்து வருஷமாக அப்படித்தான். அவள் கேட்டதும் இல்லை, அவன் மறந்ததும் இல்லை.

போன மாதம் நிறுத்திவிட்டான்.

காரணம் ரூபி. ஒரே மகள். வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்புக்காரர் வீட்டுப் பையன் கோபியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு பத்து மாதம் ஆகிறது. "இந்த வீட்டு ஆளுங்க யாரும் அந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று இன்னாசிமுத்து அன்றைக்கு சர்ச் வாசலில், ஆட்கள் நடுவில் வைத்துச் சொன்னான். பவுலினா வாயைத் திறக்கவில்லை. இப்போது ரூபிக்கு ஏழாவது மாதம். "நான் போய்ப் பாக்கணும்" என்று பவுலினா சொன்ன நாளிலிருந்து வண்டிக்குக் காற்று இல்லை; குறைந்த காற்றோடு கம்பெனிக்கு மட்டும் போய் வந்தாள்.

அவன் சண்டை போடவில்லை. "காத்து இல்லாத வண்டி எங்கயும் போகாது" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அவ்வளவுதான்.

அவளும் ஒருமுறை பங்க்குக்குப் போய்ப் பார்த்தாள். காற்றுக் குழாய் தரையில் கிடந்தது. பையன் டீ குடிக்கப் போயிருந்தான். வெயிலில் காத்திருந்தபோது பெட்ரோல் போட வந்த ஒருவர், "கூட யாரும் வரலையாம்மா?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

"வேற காட்டும்மா" என்றாள் இப்போது.

தர்ஷினி இரண்டாவதைக் கொண்டுவந்தாள். குழாய் ஒரு சாண் இருந்தது. பவுலினா சீட்டில் இருந்தபடியே இடதுபக்கம் சாய்ந்து, பக்கச் சக்கரத்தின் வால்வை எட்டிப் பார்த்தாள். குழாய் எட்டியது. ஆனால் அதன் முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கொக்கியை மடக்க இரண்டு கை வேண்டியிருந்தது. ஒரு கை ஹேண்டிலைப் பிடிக்காவிட்டால் அவள் சரிந்துவிடுவாள்.

"திருகி மாட்டுற மாதிரி இருக்கா?"

தர்ஷினி கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போனாள். திரும்பும்போது கையில் ஒரு தடித்த மெஷின். பழைய மாடல், அட்டைப் பெட்டியில் தூசி. குழாய் ஒரு முழம் இருக்கும். முனை திருகி மாட்டுவது.

"இது கொஞ்சம் வெயிட்டுக்கா. அதனால யாரும் எடுக்கறதில்ல."

பவுலினா வாங்கிக் கையில் நிறுத்துப் பார்த்தாள். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் மாதிரி இருந்தது. ஒற்றைக் கையால் தூக்க முடிந்தது. சாய்ந்து, குழாயை வால்வில் வைத்து இரண்டு விரலால் திருகினாள். பிடித்துக்கொண்டது. மெஷினைக் கால் பலகையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

"நான் வெக்கிற அளவு வந்ததும் தானா நிக்குமா?"

"நிக்கும்க்கா."

"நிக்குதான்னு பாத்துடலாம்."

அளவை வைத்து பட்டனை அழுத்தினாள். கிரைண்டர் போலச் சத்தம் போட்டது. திரையில் எண் மெல்ல ஏறியது. ஏறி, நின்றது. சத்தமும் நின்றது. தர்ஷினி கடையின் முள் மீட்டரைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒத்துப்போயின.

பவுலினா மறுபக்கம் சாய்ந்து வலது சக்கரத்துக்கும், பிறகு முன், பின் சக்கரங்களுக்கும் அவளே அடித்தாள். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாகத் தன் வண்டிக்குத் தானே காற்று அடிக்கிறோம் என்பது அடித்து முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"நான் அடிச்சுத் தருவேன்லம்மா" என்றான் எட்சன், மெதுவாக. "இத்தனைக்கும் இது எதுக்கு?"

"நீ இருக்கற எடத்துல அடிச்சுத் தருவ. வழியில?"

"நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன்."

"அப்பாவுக்கும் எனக்கும் நடுவுல நீ வராத எட்சா. நான் போறேன்னு சொன்னேன். நான்தான் போகணும்."

வீட்டுக்கு வந்ததும் மெஷினை சார்ஜில் போட்டாள். போன் சார்ஜரே போதுமாக இருந்தது. அடுப்பில் சோறு கொதிக்க, எட்சன் பெட்டியிலிருந்த தாளைப் படித்துச் சொன்னான். வெயிலில் விடக் கூடாது. சூடான இடத்தில் வைக்கக் கூடாது. பேட்டரியை ஒரேயடியாகக் காலி செய்து போட்டு வைக்கக் கூடாது. ஓட்டும்போது ரொம்பச் சூடானால் தானாக நின்றுவிடும். ஆறவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும்.

"சீட்டுக்கு அடியில வெச்சுடறேம்மா. பத்திரமா இருக்கும்."

"அடியில இன்ஜின் சூடு. அதுவும் இல்லாம, சீட்டைத் தூக்கணும்னா நான் இறங்கணும். ரோட்டுல இறங்கி நின்னு சீட்டைத் தூக்க, புடிச்சுக்க ஒரு ஆள் வேணும். ஆள் இருந்தா இந்த மெஷின் எதுக்குடா?"

எட்சன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள்.

கம்பெனிக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பஞ்சு வைத்த பையைக் கழுவித் துடைத்து, அதற்குள் மெஷினை வைத்தாள். குழாயை மடக்காமல் சுற்றி வைத்தாள். ஹேண்டிலுக்குக் கீழே உள்ள கொக்கியில் பையை மாட்டினால், உட்கார்ந்தபடியே கை எட்டும். வெயிலும் நேரே படாது.

கூடத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த இன்னாசிமுத்து எழுந்து வந்தான். பையைத் திறந்து மெஷினை எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். நல்ல சாமானைப் பார்த்தால் அவன் முகத்தில் வரும் ஒரு கவனம் வந்தது. பிறகு அதை எடுத்துப்போய்த் தன் டூல்ஸ் பீரோவைத் திறந்தான்.

"அங்க எதுக்கு?" என்றாள் பவுலினா.

"வீட்டுச் சாமான் வீட்டுல இருக்கட்டும். வேணும்போது கேளு, எடுத்துத் தரேன்."

"கேட்டு வாங்குறதுக்கா வாங்கினேன்?"

அவன் திரும்பினான். அவள் கட்டையை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"கொடுங்க. நான் இன்னைக்கு ரூபியப் பாக்கப் போறேன்."

"ஹைவேல லாரி எப்படிப் போகுதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். தினமும் அதுலதான் வேலைக்குப் போறேன்."

"சிப்காட் போறதும் வேப்பனப்பள்ளி போறதும் ஒண்ணா பவுலி?"

"ஒண்ணு இல்ல. அங்க என் பொண்ணு இருக்கா."

இன்னாசிமுத்துவின் கண்கள் அவள் முகத்திலிருந்து விலகிச் சுவருக்குப் போயின. மெஷினை மேசைமேல் வைத்தான்.

"போறதுன்னா போ. நான் வர மாட்டேன்."

"உங்களைக் கூப்பிடல."

ரூபிக்கு அவள் சொல்லவில்லை. சொன்னால் "வேணாம்மா, அவ்ளோ தூரம்" என்பாள். மறுநாள் திங்கட்கிழமை லீவு வேண்டும் என்று சூப்பர்வைசருக்கு மட்டும் ஒரு போன் செய்தாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பினாள். தெருமுனை திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தாள். எட்சன் மட்டும் கேட்டில் நின்றான்.

ஹைவேயில் சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் சர்வீஸ் ரோட்டிலும், இல்லாத இடத்தில் ஓரத்துக் கோட்டை ஒட்டியும் போனாள். கன்டெய்னர் லாரிகள் கடக்கும்போது காற்று அறைந்தது. ஹேண்டிலை இறுகப் பிடித்துக்கொண்டாள். சூளகிரியில் இடதுபக்கம் பேரிகை ரோட்டில் திரும்பிய பிறகுதான் தோள்கள் இறங்கின. இரண்டு பக்கமும் தக்காளித் தோட்டம், ரோஜாத் தோட்டம். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

அப்போதுதான் வண்டி இடதுபக்கம் இழுத்தது.

முதலில் ரோட்டுச் சரிவு என்று நினைத்தாள். மேடு தாண்டியும் இழுத்தது. ஒரு புளியமரத்து நிழலில் ஓரம் கட்டி, சீட்டிலிருந்தே சாய்ந்து பார்த்தாள். இடது பக்கச் சக்கரம் பாதி அமுங்கியிருந்தது.

பின்னால் சூளகிரி, முன்னால் பேரிகை. இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். திரும்பிப் போனால் பஞ்சர் கடை நிச்சயம் உண்டு. திரும்பிப் போனால், அப்படியே வீட்டுக்கும் போய்விடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

பையைத் திறந்தாள். வண்டியை அரை அடி உருட்டி வால்வை மேலே கொண்டுவந்தாள். சாய்ந்தாள். எட்டவில்லை. கடை வாசல் சமதரை, இங்கே சரிவு. வலது கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு இன்னும் சாய்ந்தாள். இடுப்பில் காலிப்பர் பட்டை அழுத்தியது. குழாய் முனை வால்வில் உட்கார்ந்தது. திருகினாள்.

சத்தம் கேட்டு, பைக்கில் வந்த ஒரு கணவனும் மனைவியும் நிறுத்தினார்கள். "ஏனாய்த்து அக்கா?" என்று, என்ன ஆயிற்று எனக் கன்னடத்தில் கேட்டபடி அந்த மனிதர் இறங்கப் பார்த்தார். காற்றுதான் அடிக்கிறேன், ஆகிவிட்டது என்று பவுலினா கன்னடத்திலேயே பதில் சொன்னாள். அவர் மனைவி மெஷினைப் பார்த்தாள், பவுலினாவின் காலைப் பார்த்தாள், பிறகு கணவனின் முதுகைத் தட்டி, கிளம்பச் சொல்லி "நடிரி" என்றாள். போய்விட்டார்கள். அந்தப் பெண்ணை பவுலினாவுக்குப் பிடித்துப் போயிற்று.

சக்கரம் நிமிர்ந்தது. ஆனால் காற்று இறங்கும் சக்கரம்தான், எவ்வளவு தூரம் தாங்கும் என்று தெரியாது. பேரிகையை நோக்கியே விட்டாள்.

நாலைந்து கிலோமீட்டர் தாங்கியது. மறுபடி இழுத்தது. இம்முறை நிழல் இல்லை. மெஷின் கொஞ்ச நேரம் ஓடி, பாதியில் தானாக நின்றது. பட்டனை அழுத்தினாள். அசையவில்லை. தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

கெட்டுவிட்டது என்று ஒரு கணம் நம்பினாள். எட்சன் படித்த தாள் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. சூடானால் நிற்கும். ஆறவிட வேண்டும்.

சேலைத் தலைப்பால் மெஷினுக்கு நிழல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குடித்தாள். எட்சனுக்குப் போன் செய்யலாமா என்று போனைக் கையில் எடுத்து, மறுபடி பையில் போட்டாள். ஒரு ஆட்டு மந்தை ரோட்டைக் கடந்து முடிந்தது. பட்டனை அழுத்தினாள். மெஷின் ஓடியது. பேட்டரியில் ஒரே ஒரு கோடு மிச்சமிருந்தபோது, போதும் என்று நிறுத்திக்கொண்டாள்.

பேரிகை பஞ்சர் கடைக்காரர் அவளை இறங்கச் சொல்லவில்லை. வண்டிக்குக் கீழே ஜாக்கி வைத்துச் சக்கரத்தை மட்டும் கழற்றினார். டயரிலிருந்து ஒரு லாட ஆணியைப் பிடுங்கி அவளிடம் காட்டினார்.

"எங்கிருந்தும்மா இத்தோட வர?"

"சூளகிரி தாண்டினதுல இருந்து."

"யாரு காத்தடிச்சா?"

"நான்தான்."

அவர் தலையை ஆட்டிவிட்டு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார்.

தீர்த்தம் என்ற ஊரைத் தாண்டி வேப்பனப்பள்ளிக்குப் போய், கோபி வீட்டை இரண்டு பேரிடம் விசாரித்து, மாந்தோப்புக்குள் போகும் மண்பாதையில் அவள் வண்டி நுழைந்தபோது வெயில் தணிந்திருந்தது.

ரூபி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டர் சத்தத்தைக் கேட்டு நிமிர்ந்தவள், கையிலிருந்த துணியைக் கீழே விட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தாள்.

"ஓடாத, ஓடாத" என்றாள் பவுலினா. வண்டியில் உட்கார்ந்தபடியே மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

ரூபியின் மாமியார் சாந்தம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஒண்டியா வந்தியாக்கா? மத்திகிரியில இருந்தா?" என்று வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். படியில் ஏற அவளே தோள் கொடுத்தாள். கூடத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, மோர் கொண்டுவந்தாள்.

"ரொம்ப சந்தோசம்க்கா. போன வாரம் அண்ணன் வந்தப்பகூடச் சொன்னேன், அடுத்த தபா அக்காவையும் கூட்டிக்கினு வாங்கன்னு. ஒண்டியா அனுப்பிட்டாரே."

பவுலினாவின் கையில் மோர்த் தம்ளர் நின்றது.

"எந்த அண்ணன்?"

சாந்தம்மா ரூபியைப் பார்த்தாள். ரூபி தரையைப் பார்த்தாள்.

"ரூபி. யாரு வந்தது?"

"அப்பா" என்றாள் ரூபி. "மூணு மாசமா வராரும்மா. வீட்டுக்குள்ள வர மாட்டாரு. தோப்புல உக்காந்துட்டு, பழம், மருந்து எல்லாம் குடுத்துட்டுப் போயிடுவாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு அவன் போன ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலங்கள் ஒவ்வொன்றாகப் பவுலினாவின் முன் வந்து நின்றன.

"எதுக்கு மறைக்கணும்?"

"நானும் கேட்டேன். சர்ச் வாசல்ல எல்லார் முன்னாடியும் சொன்ன வார்த்தை, நானே எப்படி மீறுனேன்னு சொல்றதுன்னாரு. உங்கம்மாவைப் போகவிடாம வெச்சுட்டு நான் மட்டும் வந்தேன்னு தெரிஞ்சா, அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்னாரு."

சாந்தம்மா சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள்.

பவுலினாவுக்கு முதலில் வந்தது கோபம். மகளை அவன் வெறுக்கவில்லை என்ற நிம்மதி அதற்குப் பின்னால் வந்தது. அது வந்ததும் கோபம் இன்னும் கூடியது. இந்த ஏழு மாதத்தில் மகளின் வயிறு வளர்ந்ததை அவள் போன் திரையில் மட்டும்தான் பார்த்திருந்தாள். அவன் மூன்று மாதமாக நேரில் பார்த்துக்கொண்டிருந்தான்.

மோரைக் குடித்து முடித்தாள். தம்ளரைக் கீழே வைத்தாள். போனை எடுத்தாள்.

"அம்மா, இப்ப வேணாம்மா. அப்புறம் பேசிக்கலாம்."

"இல்ல. இப்பவே."

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். போனைக் கையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும்.

"எங்க இருக்க பவுலி? நல்லா போய்ச் சேந்தியா?"

"சேந்துட்டேன். ரூபி பக்கத்துல உக்காந்திருக்கேன். இவ மாமியார் மோர் குடுத்தாங்க. நீங்க போன வாரம் வந்ததையும் சொன்னாங்க."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"நான் இப்ப உங்களை ஒண்ணும் கேக்கல" என்றாள் பவுலினா. "ராத்திரி இங்கதான் தங்கப் போறேன். நாளைக்கு லீவு சொல்லியிருக்கேன். நீங்க வரதா இருந்தா தோப்புல உக்காராதீங்க. வீட்டுக்கு வாங்க. என் பக்கத்துல உக்காந்து இவங்க குடுக்கற தண்ணிய வாங்கிக் குடிங்க. வரலைன்னா, இனிமே ஒளிஞ்சு வந்தும் இவளைப் பாக்காதீங்க."

அவன் போனைத் துண்டிக்கவில்லை. எங்கோ வைத்துவிட்டுப் போவது போல ஒரு சத்தம். ஏதோ டப்பா உருண்டது. பிறகு தூரத்தில் இன்னாசிமுத்துவின் குரல், அவளுக்கில்லாமல் வேறு யாருக்கோ.

"டேய் எட்சன், என் வண்டிச் சாவியை எங்கடா வெச்ச?"

ரூபி அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அப்பா வராராம்மா?"

"தெரியல" என்றாள் பவுலினா, போனைக் காதிலிருந்து எடுக்காமல். "சாவியைத் தேடறாரு."